ரூட்டர் 'செங்கல்' ஆகிவிட்டதா? தூக்கி எறியாதீர்கள்!

வீட்டு மூலையில் விளக்கு கண் சிமிட்டும் 'வைபை' பெட்டி. அதன் பெயர் ரூட்டர். வாங்கி மாட்டியதோடு சரி. அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்று போனால்தான் வீட்டில் கூச்சல். "என்னங்க, நெட் வரலை!"

அந்தப் பெட்டியும் ஒரு குட்டி கம்ப்யூட்டர்தான். அதற்குள் ஒரு சாப்ட்வேர் ஓடுகிறது. அதில் ஓட்டை தெரிந்தால் கம்பெனி அடைத்துக் கொடுக்கும். எத்தனை நாளைக்கு? சில வருஷம்தான். புது மாடல் வந்ததும் பழசைக் கைகழுவி விடுவார்கள். பெட்டி ஓடும். ஓட்டையை அடைக்கத்தான் ஆள் இருக்காது.

5 லட்சம் பெட்டிகள்!

ஓட்டை இருந்தால் திருடன் வருவான். 2018 மே மாதம் 'வி.பி.என்.பில்டர்' என்ற விஷ சாப்ட்வேர் பிடிபட்டது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளுக்குள் அது புகுந்திருந்தது. பெரும்பாலும் வீடுகளிலும் சின்ன ஆபீசுகளிலும் இருந்த ரூட்டர்கள். "ரூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்" என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ.யே பொதுமக்களுக்கு அறிவிப்பு விட்டது.

அப்படியானால் பழைய பெட்டியைக் குப்பையில் போட வேண்டியதுதானா? வேண்டாம். கம்பெனி சாப்ட்வேரை எடுத்துவிட்டு, 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' என்ற இலவச சாப்ட்வேரைப் போடலாம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது இது. கம்பெனி கைவிட்ட பல மாடல்களுக்கும் இதில் புதுப் பதிப்பு வந்துகொண்டிருக்கிறது.

நீலப் பெட்டியில் பிறந்தது

இது பிறந்த கதை சுவையானது. 2002 டிசம்பரில் அமெரிக்காவின் லிங்க்சிஸ் கம்பெனி நீலமும் கறுப்புமாக ஒரு ரூட்டரை விற்பனைக்கு விட்டது. மாடல் பெயர் 'டபிள்யூ.ஆர்.டி.54ஜி'. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பது 2003-ல் வெளியே தெரிய வந்தது.

லினக்சை வைத்துச் சரக்கு விற்பவர், அதன் மூல நிரலையும் தர வேண்டும். அதுதான் அதன் லைசென்ஸ் நிபந்தனை. விவரம் தெரிந்தவர்கள் விடுவார்களா? கேட்டார்கள். கம்பெனியும் கொடுத்தது. அந்த நிரலை வைத்து 2004-ல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. பிறந்தது. பெயரில் உள்ள மூன்று எழுத்தும் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்!

அடியில் என்ன எழுதியிருக்கிறது?

சரி, நாமும் மாற்றலாமா? அவசரப்படாதீர்கள். முதலில் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது. பக்கத்தில் 'வி1', 'வி2' என்று இருப்பதுதான் முக்கியம்.

மேலே சொன்ன நீலப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் வந்த 5-வது பதிப்பில் நினைவகத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். வெளியே அதே பெயர், அதே நிறம். பழைய பதிப்புக்கான பைலை இதில் போட்டால் வேலைக்கு ஆகாது.

பைல் சேமிக்க 8 எம்.பி., ஓடுவதற்கு 64 எம்.பி. நினைவகம். இதற்குக் குறைந்த பெட்டிக்கு இன்றைய பதிப்புகள் சரிப்படாது. 16-ம் 128-ம் இருந்தால் நல்லது.

கனெக்ஷனோடு கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் கை வைக்காதீர்கள். அது அவர்கள் சொத்து. சொந்தப் பெட்டி என்றாலும் வாரண்டி போகக்கூடும்.

ஏற்றும்போது கவனம்

பைல் இரண்டு வகை. கம்பெனி சாப்ட்வேரை மாற்றப் பெரும்பாலும் 'பேக்டரி' பைல். ஏற்கெனவே மாற்றிய பெட்டியைப் புதுப்பிக்க 'சிஸ்அப்கிரேடு' பைல். இறக்கிய பைல் முழுசாக வந்ததா என்று அதன் சரிபார்ப்பு எண்ணை ஒத்துப் பாருங்கள்.

வைபையில் ஏற்ற வேண்டாம். கம்ப்யூட்டரையும் பெட்டியையும் ஒயரால் இணையுங்கள். ஏறும்போது கரண்டு போனால் கதை கந்தல்! யு.பி.எஸ். இருந்தால் அதில் மாட்டுங்கள்.

முடிந்ததும் வைபை தெரியவில்லையே என்று பதற வேண்டாம். இந்த சாப்ட்வேர் பொதுவாக வைபையை மூடியே வைத்திருக்கும். ஒயர் வழியாக 192.168.1.1 என்ற முகவரிக்குப் போய், முதல் வேலையாக பாஸ்வேர்டு வையுங்கள். பிறகு வைபையைத் திறக்கலாம்.

புதுப்பிப்பதற்கு முன் செட்டிங்குகளை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். சாதாரண முறையில் புதுப்பித்தால் செட்டிங் தங்கும். நீங்கள் தனியாகச் சேர்த்த புரோகிராம்கள் தங்காது. மறுபடி ஏற்ற வேண்டும்.

பேச்சு மூச்சு இல்லையா?

சில சமயம் பெட்டி அப்படியே அசையாமல் கிடக்கும். "பிரிக் ஆயிடுச்சு" என்பார்கள். செங்கல் ஆகிவிட்டது என்று அர்த்தம். முக்கால்வாசிச் செங்கலுக்கு உயிர் இருக்கும்!

செட்டிங் மட்டும் கெட்டிருந்தால் 'பெயில்சேப்' முறை போதும். பெட்டியைப் போட்டதும் விளக்கு வேகமாகச் சிமிட்டும். அந்த நொடியில் பொத்தானை அழுத்தினால், உங்கள் செட்டிங்கை எல்லாம் ஒதுக்கிவிட்டு எழும். உள்ளே போய் அவற்றை அழித்துவிடலாம்.

சாப்ட்வேரே கெட்டிருந்தால்? அதற்கும் முன்னால் விழிக்கும் 'பூட்லோடர்' என்ற சின்ன நிரல் உள்ளே தனியாக இருக்கிறது. பல பெட்டிகளில் அது சில வினாடி, ஒயரின் மறுமுனையில் பைல் கிடைக்குமா என்று காத்திருக்கும். அந்த இடைவெளியில் 'டி.எப்.டி.பி.' முறையில் நல்ல பைலை நீட்ட வேண்டும். கம்ப்யூட்டருக்கு என்ன முகவரி, பைலுக்கு என்ன பெயர் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

அதுவும் பலிக்காவிட்டால் மூடியைத் திருகிக் கழற்றி, பலகையில் சீரியல் ஒயரை மாட்ட வேண்டும். அது மெக்கானிக் வேலை. பூட்லோடரே அழிந்திருந்தால் இன்னும் கஷ்டம்.

இத்தனையும் எங்கே படிப்பது? இன்டர்நெட்டில்தான். ஆனால் பெட்டி செத்தால் வீட்டில் இன்டர்நெட்டே இருக்காதே! இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே உங்கள் மாடலுக்கான மீட்பு முறை, கம்பெனியின் பழைய பைல், புது பைல் மூன்றையும் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். மீட்பு முறையை ஒரு காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். அது கைக்கு வந்த பிறகு பெட்டியில் கை வையுங்கள்!