யாரைத் தூக்கிச் செல்வது?

ஹைதராபாத் அமீர்பேட்டில் மெட்ரோவை விட்டு இறங்கி மைத்ரிவனம் பக்கம் நடந்தால் வானத்தைவிடப் பலகைகள்தான் அதிகம் தெரியும். ஜாவா, பைத்தான், ஆரக்கிள், டெஸ்டிங் என்று மாடிக்கு மாடி பயிற்சி வகுப்புகள். நம் ஊர்ப் பிள்ளைகளும் ஹாஸ்டலில் கட்டில் பிடித்துத் தங்கிப் படிக்கிற இடம் அது. அங்கே வீடியோ கேம் எழுதக் கற்றுக்கொள்ளும் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். அவனுக்கு ஒரு பயிற்சி தரப்படுகிறது. போர் முடிந்த களம். நூறு பேர் விழுந்து கிடக்கிறார்கள். வானத்திலிருந்து வால்கிரி ஒருத்தி இறங்கி வந்து, ஒரே ஒருவனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். யாரை?

வால்கிரி என்ற பெயரிலேயே வேலை இருக்கிறது. பழைய நார்ஸ் மொழியில் ‘வால்ர்’ என்றால் களத்தில் விழுந்தவர்கள்; ‘கியோசா’ என்றால் தேர்ந்தெடுப்பது. விழுந்தவர்களில் ஆள் பொறுக்குகிறவள்தான் வால்கிரி. பொறுக்கிய வீரனை ஓடின் என்ற கடவுளின் வல்ஹல்லா மண்டபத்தில் சேர்க்கிறாள். கடைசி நாளில் நடக்கப்போகும் பெரும்போருக்கு அங்கே படை திரள்கிறது.

அவளைப் பறந்து வரச் செய்வது நம் மாணவனுக்குப் பெரிய வேலை இல்லை. தடைகளைச் சுற்றிக்கொண்டு குறைந்த தூரத்தில் போய்ச் சேரும் வழியைக் கண்டுபிடிக்க ‘ஏ ஸ்டார்’ என்றொரு கணக்குமுறை 1968-லேயே வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஹார்ட், நில்சன், ரஃபேல் என்ற மூவர் ஷேக்கி என்ற ரோபோவை ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் வகுத்தது அது. எப்படிப் போவது என்பதற்கு இப்படி ஆயத்தமான விடை உண்டு. யாரிடம் போவது என்பதற்குக் கிடையாது. அதை எழுதுகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணினிக்கு வீரம் தெரியாது, எண் தெரியும். ஆகவே வீரத்தை எண்ணாக மாற்ற வேண்டும். வீழ்த்திய ஒவ்வோர் எதிரிக்கும் 5 மதிப்பெண், காப்பாற்றிய ஒவ்வொரு தோழனுக்கும் 20, முதுகில் காயம் இருந்தால் 50 கழிவு என்று அவன் ஒரு பட்டியல் போடலாம். பிறகு நூறு பேரையும் ஒருவர் விடாமல் பார்த்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். இப்படி வரிசையாகத் தேடிய ஒருத்தி நம்மிடமும் இருக்கிறாள். மகன் புறமுதுகு காட்டி மாண்டான் என்று பலர் சொல்லக் கேட்டு, வாளோடு களத்துக்கே போய் ஒவ்வொரு பிணமாகப் புரட்டிப் பார்த்த முதிய தாய், புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியவள். அவளுடைய பட்டியலில் இருந்தது ஒரே ஒரு வரி: காயம் எந்தப் பக்கம்?

அதிக மதிப்பெண் பெற்றவனையே எப்போதும் எடுத்தால் விளையாடுகிறவனுக்கு இரண்டே நாளில் சலித்துவிடும். அடுத்து யார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுமே. அதற்காகக் கொஞ்சம் அதிர்ஷ்டத்தைக் கலப்பார்கள். மூன்று பேரின் மதிப்பெண் 60, 30, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 100 வரை ஓர் எண்ணைக் கணினி குலுக்கி எடுக்கிறது. 60 வரை வந்தால் முதலாமவன், 61 முதல் 90 வரை இரண்டாமவன், அதற்கு மேல் மூன்றாமவன். சிறந்தவனுக்கே வாய்ப்பு அதிகம். கடைசி ஆளுக்கும் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை.

1999-ல் ஜப்பானில் வெளிவந்த ‘வால்கிரி ப்ரொஃபைல்’ இந்தத் தேர்வையே முழு விளையாட்டாக்கியது. டிரை-ஏஸ் நிறுவனம் உருவாக்கி எனிக்ஸ் வெளியிட்டது. நாம்தான் அதில் லெனத் என்ற வால்கிரி. அவள் கண்ணை மூடி மனத்தை ஒருமுகப்படுத்தினால் எங்கோ சாகப்போகிறவர்களின் குரல் கேட்கும். சேர்த்த வீரர்களைப் பழக்கி மேலுலகத்துக்கு அனுப்ப வேண்டும். மேலே என்ன மாதிரி ஆள் தேவை என்று அவ்வப்போது சொல்லி அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் ‘வீர மதிப்பு’ என்று ஓர் எண் உண்டு. அதில் வாள்திறன் மட்டுமல்ல, குணமும் சேரும். ஆனால் மேலே அனுப்பியவன் நம் அணியில் இருக்க மாட்டான். நன்றாகத் தேறியவனைத்தான் இழக்க வேண்டியிருக்கும்.

இந்த வலி அந்த விளையாட்டு புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 961-ஐ ஒட்டி நார்வே அரசர் ஹாகோன் ஒரு போரில் பட்ட காயத்தால் இறந்தார். அவரைப் பற்றி எய்விந்த் என்ற அரசவைப் புலவர் பாடிய பாட்டில், அரசர் வால்கிரியிடம் தனக்கு ஏன் இப்படி ஒரு முடிவு என்று முறையிடுகிறார். சிறந்தவனை மேலே எடுத்துக்கொள்வார்கள் என்றால், சாவு தோல்வியின் அடையாளம் இல்லை, தகுதியின் அடையாளம். தலைவனைப் பறிகொடுத்தவர்களுக்கு இதைவிட ஆறுதலான கணக்கு வேறென்ன?

இனி வடதுருவத்துப் பக்கமிருந்து தக்காணத்துக்குத் திரும்புவோம். தெலுங்கில் வீரகல்லு, கன்னடத்தில் வீரகல், தமிழில் நடுகல். சாளுக்கியர், ஹொய்சளர் கால வீரகற்கள் பலவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடித்தட்டில் சண்டை, வீரன் விழுகிறான். நடுத்தட்டில் இரண்டு வானமகளிர் அவனை இருபுறமும் தாங்கி மேலே கொண்டுபோகிறார்கள். மேல்தட்டில் அவன் சிவலிங்கத்தின் அருகே அமர்ந்திருக்கிறான். உச்சியில் சூரியனும் சந்திரனும்: அவை உள்ளவரை இவன் பெயரும் இருக்கும். பால்டிக் கடலில் உள்ள காட்லாந்து தீவின் பழைய கற்களில், எட்டுக்கால் குதிரையில் வருகிறவனைக் கொம்புக் கிண்ணத்தோடு எதிர்கொள்ளும் பெண்ணின் உருவம் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே சிற்பி செதுக்கியதோ என்று கூடத் தோன்றும்.

ஆனால் ஒரு வேறுபாடு. வால்கிரி தேர்ந்தெடுக்கிறாள். நம் வானமகளிர் தூக்கிச் செல்கிறார்கள், அவ்வளவுதான். தேர்வு அதற்கு முன்பே தரையில் முடிந்துவிட்டது. முடித்தது ஊர்.

ஊரின் பட்டியல் எப்படி இருந்தது என்று கற்களே சொல்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்தவனுக்கு எடுத்தது. ஆகோள் என்றால் மாடு பிடிக்கும் பூசல். மாட்டைக் கவர்ந்தவனுக்கும் கல் உண்டு, மீட்டவனுக்கும் கல் உண்டு. புலியோடு போராடி இறந்தவனுக்கும் உண்டு. செங்கம் பகுதி நடுகற்களில் வாசகம் கிட்டத்தட்ட ஒரே அச்சு: எந்த அரசன், எத்தனையாம் ஆண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், எதில் பட்டான். அமீர்பேட்டில் டேட்டாபேஸ் படிக்கிற பிள்ளை இதைப் பார்த்தால், கட்டம் கட்டமாக நிரப்பிய ஒரு வரிசை என்று உடனே சொல்லிவிடும்.

அந்த வரிசையில் ‘ஆள்’ என்ற கட்டத்தில் சில நேரம் ஆளே இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று. இறந்த வீரனுக்கு அருகில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் ஆதகூரில் இன்னொரு கல், 949-50-ஐச் சேர்ந்தது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டான். எதிர்ப்படையில் கங்க அரசன் பூதுகனின் வீரன் மணலேரன் சிறப்பாகப் போரிட்டான். என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது, காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். பின்னர் அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு சண்டையிட, இரண்டுமே செத்தன. காளிக்குக் கல் நாட்டி, அதற்கு நிலமும் விட்டார்கள்.

எந்த விளையாட்டின் பட்டியலிலும் இந்தக் கட்டம் முதலிலேயே இருந்திருக்காது. வீழ்த்திய எதிரி எத்தனை, காத்த தோழர் எத்தனை என்று எழுதும்போது, நூறு பேரில் ஒன்று நாய் என்பது யாருக்குத் தோன்றும்? ஓடினுக்குப் படை வேண்டும். ஆகவே அவன் பட்டியலில் படைக்கு ஆகிறவர்கள் மட்டுமே. ஊருக்கு வேண்டியது வேறு: மாடு, வாசல், இரவில் குரைக்க ஓர் உயிர். யாரை எடுக்கிறோம் என்பதில் எடுக்கிறவருக்கு எது தேவை என்பதுதான் எப்போதும் தெரிகிறது.

நடுகல் எடுக்கும் வேலையைத் தொல்காப்பியம் ஆறாகப் பிரிக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. முதலாவதான காட்சி என்பது ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது. மேலே இருந்து யாரும் இறங்கி வரவில்லை. விழுந்தவன் யாரென்று தெரிந்துவிட்டது. இனி அவனுக்குத் தகுந்த கல்லைத் தேடி ஊரார் மலையடிவாரத்துக்கு நடக்கிறார்கள். ஒவ்வொரு பாறையாகத் தொட்டுப் பார்த்து, இது வேண்டாம், இது ஆகும் என்கிறார்கள்.