இழந்த பெயர் மீளுமா?

நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்குச் 'சோதனை' என்ற சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஷிப்டு முடிந்து மேலே வந்த தொழிலாளி, தங்கம் மறைத்து வைத்திருக்கிறானா என்று உடலைச் சோதிக்கக் கொடுத்த பிறகே வீடு திரும்ப முடிந்தது. 1930-ஆம் ஆண்டு எல்லோருடைய கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது, தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது மானத்துக்காக நடந்த போராட்டம்.

குற்றம் செய்யாதவனுக்கே இந்த நிலை என்றால், உண்மையிலேயே தவறு செய்து பெயரைக் கெடுத்துக்கொண்டவன் என்ன செய்வான்? லைன் வீடுகளில் ஒருவன் பெயர் கெட்டால், அவன் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரை அது கூடவே வரும்.

நம் சுரங்கங்களை 1956-இல் மைசூர் அரசு ஏற்கும் வரை, ஜான் டெய்லர் கம்பெனி லண்டனிலிருந்து நிர்வகித்தது. அதே லண்டனில் நடந்த ஒரு வரலாறு இங்கே நினைக்கத் தக்கது.

1963-இல் ஜான் புரொஃப்யூமோ பிரிட்டனின் யுத்த அமைச்சர். கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணோடு அவரைச் சேர்த்துப் பேச்சு எழுந்தது. மார்ச் மாதம் பாராளுமன்றத்தில் அதை மறுத்தார். ஜூன் மாதம், தாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். உலகமே சிரித்தது.

கிழக்கு லண்டன் ஏழைகளுக்காக 1884-இல் தொடங்கப்பட்ட தொண்டு நிலையம் டாயின்பீ ஹால். அங்கே சம்பளம் வாங்காத தொண்டராகப் போய்ச் சேர்ந்தார் அவர். பாத்திரம் கழுவுவதில் தொடங்கினார் என்று சொல்வார்கள். பின்னர் நிதி திரட்டினார். அந்த நிலையத்தின் தலைவராகவும் ஆனார். 1975-இல் அரசியின் விருது கிடைத்தது. 2006-இல், 91-ஆம் வயதில் காலமானார். பழைய விவகாரத்தைப் பற்றி அவர் வெளியில் பேசவுமில்லை, தம்மை நியாயப்படுத்தவுமில்லை. நாற்பது ஆண்டுத் தொண்டு அவருக்காகப் பேசியது.

ஆனால் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. புரொஃப்யூமோவுக்குக் குடும்பச் சொத்து இருந்தது; கைவிடாத மனைவி இருந்தார். கீலரோ வேறொரு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதற்காக அதே ஆண்டு சிறை சென்றார். 2017-இல் இறக்கும் வரை அந்தப் பழைய பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. வசதியுள்ளவருக்குத் திறந்த கதவு, வசதியற்ற பெண்ணுக்குத் திறக்கவில்லை.

அன்பர்களே, 2001 பிப்ரவரியில் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சுக்குத் திணறிய முதியவர்கள் லைன் வீடுகளில் எஞ்சினார்கள். வீட்டுப் பிள்ளைகள் விடியுமுன்னே பெங்களூர் ரயில் ஏறிவிட, பகலில் துணைக்கு ஆளில்லாத முதியோர் பலர். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, மனு எழுதித் தர, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர ஆள் தேவை. தவறியவர் ஒருவர் அந்த வேலையைத் தேடி வந்தால், "நீ யோக்கியனா?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்காதிருப்போம்.

சந்தேகத்தோடு சோதிக்கப்படுவதன் வலியை நம்மைவிட அறிந்தவர் யார்? தொண்டு செய்வது தவறியவர் கடமை. செய்ய இடம் கொடுப்பது ஊரின் கடமை.