கண்ணாடி அறைக்கு எத்தனை வாட்?

இங்கிலாந்து வீடுகளின் பின்புறம் ஒட்டிக் கட்டப்படும் கண்ணாடி அறைக்கு, அதாவது கன்சர்வேட்டரிக்கு, தரைக்கடியில் சூடேற்றும் அமைப்பைப் போட நினைப்பவர்கள் முதலில் குழாயின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு: 100. சூடேற்றிய தரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட் வெப்பம்தான் தரும். தரையின் மேற்பரப்பு 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது இஎன் 1264 என்ற ஐரோப்பியத் தரவிதி. அறை 20 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 9. ஒவ்வொரு டிகிரிக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 11 வாட் மேலே ஏறும். எவ்வளவு பெரிய பாய்லர் வைத்தாலும் இந்த 100 வாட் உயராது. வெளிச்சுவரோரம் ஒரு மீட்டர் அகலத்துக்கு 35 டிகிரி வரை அனுமதி இருக்கிறது. ஆனால் நீளப் பக்கம் ஒன்று மட்டும் வீட்டோடு ஒட்டிய 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறையில் 12 சதுர மீட்டரில் 8 அந்த ஓரத்துக்குள் வந்துவிடும். நாற்காலி போட்டு உட்காருவதும் அங்கேதான். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே 4-க்கு 3 அறையை எடுத்துக்கொள்வோம். நீளப் பக்கம் ஒன்று வீட்டோடு ஒட்டியிருக்கிறது; மற்ற மூன்று பக்கமும் 2.1 மீட்டர் உயரத்துக்கு இரட்டைக் கண்ணாடி. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் அறை இழக்கும் வாட் இவ்வளவு (1.6 என்பது ஒரு சதுர மீட்டர் வழியே டிகிரிக்குப் போகும் வாட்):

கண்ணாடிச் சுவர் 21 ச.மீ. × 1.6 = 33.6
கூரை, 25 மி.மீ. பாலிகார்பனேட், 13 ச.மீ. × 1.6 = 20.8
இடுக்குகள் வழியே போகும் காற்று, அறைக்காற்று மணிக்கு ஒன்றரை முறை மாறினால் = 14.9
வெப்பக்காப்பிட்ட தரை = 3
மொத்தம் = 72.3

அலமாரி, தொட்டிச் செடிகள் போக 10 சதுர மீட்டர் தரை வேலை செய்யும் என்றால் வரவு 1,000 வாட். 1,000-ஐ 72.3 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14. ஆக, வெளியே 6 டிகிரி இருக்கும்வரை அறையை 20-இல் வைக்கலாம். ஜனவரியில் நடு இங்கிலாந்தின் சராசரி 4, 5 டிகிரிதான். நல்ல அறைக்கே கொஞ்சம் துண்டு விழுகிறது.

பழைய அறையின் கணக்கு மனத்தைக் கலக்குகிறது. பழைய கண்ணாடிக்கு 2.8, 10 மி.மீ. பாலிகார்பனேட் கூரைக்கு 3.1 என்று போட்டால் இழப்பு 117 ஆகிறது. அதே 1,000 வாட் வெளியே பதினொன்றரை டிகிரி இருந்தால் மட்டுமே போதும். நடு இங்கிலாந்தில் மே மாதத்தின் சராசரியே ஏறத்தாழ 12! வெளியே 0 டிகிரி என்றால் 2,340 வாட் வேண்டும். மீதி 1,340 வாட்டுக்குத் தனி ஹீட்டர் வாங்கியே ஆக வேண்டும். இதே அறைக்கு வெப்பக்காப்புள்ள கெட்டிக் கூரை (0.18) போட்டால் இழப்பு 79-க்கு இறங்கும், கண்ணாடியையும் மாற்றினால் 54-க்கு. அப்போது வெளியே ஒன்றரை டிகிரி வரை தரை மட்டுமே தாங்கும். கையில் இருக்கும் பணம் முதலில் கூரைக்குப் போக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

தரைக்கு வருவோம். அடியில் 100 மி.மீ. பிஐஆர் வெப்பக்காப்புப் பலகை அவசியம், 2.4-க்கு 1.2 மீட்டர் பலகை ஐந்து வாங்கினால் 12 சதுர மீட்டர் மூடும். இதில் சிக்கனம் பார்த்தால் காசு கொடுத்து மண்ணைச் சூடாக்குவோம். வெந்நீர்க் குழாயை 100 மி.மீ. இடைவெளியில் பதிக்க 10 சதுர மீட்டருக்கு 100 மீட்டர் பிடிக்கும், ஒரே சுற்று. மேலே 65 மி.மீ. ஸ்க்ரீட் (மணல்-சிமென்ட் தளம்) போட்டால் அறை முழுக்க ஒன்றரை டன் எடை. அதை 10 டிகிரி ஏற்ற நான்கு யூனிட்டுக்கு மேல் வேண்டும். 1,500 வாட் கொடுத்தாலும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பிப்ரவரி வெயில் திடீரென்று கண்ணாடி வழியே அடித்தால் அந்த ஒன்றரை டன்னை உடனே குளிர வைக்கவும் முடியாது. மாலையில் மட்டும் உட்காரும் அறை என்றால், காப்புப் பலகைமேல் ஓட்டுக்கு அடியில் ஒட்டும் மெல்லிய மின்பாய்தான் என் தேர்வு. சதுர மீட்டருக்கு 150 வாட், 200 வாட் என்று பாயின்மேல் எழுதியிருப்பது சூடேறும் வேகத்துக்கு மட்டும் உதவும். தரை 29-ஐத் தொட்டதும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும்.

செலவு: 1,000 வாட் நாள் முழுக்க ஓடினால் 24 யூனிட். 2025 ஜனவரி–மார்ச் விலை உச்சவரம்பில் மின்சாரம் யூனிட்டுக்கு 24.86 பென்ஸ், எரிவாயு 6.34 பென்ஸாக இருந்தது. அந்த விலையில் 30 நாளுக்கு மின்பாய் 179 பவுண்டு, ஹீட் பம்ப் (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம்) 60, எரிவாயு பாய்லர், அதன் இழப்பையும் சேர்த்து, 51. மாலை 5 மணி நேரம் மட்டும் என்றால் மின்பாய்க்கு நாளுக்கு 1 பவுண்டு 24 பென்ஸ், சூடேறும் செலவு தனி.

பாய்லர் மலிவாகத் தெரிந்தாலும் அதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தின் கட்டட விதிகளில் 30 சதுர மீட்டருக்கு உட்பட்ட கன்சர்வேட்டரிக்கு விலக்கு உண்டு. ஆனால் வெளிச்சுவர் தரத்தில் கதவும் சுவரும் வீட்டிலிருந்து அதைப் பிரிக்க வேண்டும். வீட்டின் சூடேற்றும் அமைப்பை அதற்குள் நீட்டக் கூடாது. பாய்லரிலிருந்து ஒரு குழாய் இழுத்தால் விலக்கு போய்விடும். தனி சுவிட்சும் தனி தெர்மோஸ்டாட்டும் கொண்ட மின்பாய்க்கு அந்தத் தடை இல்லை. நடுவில் இருக்கும் கதவை மட்டும் கழற்றாதீர்கள்.