பேய் வேட்டைக்கு டிக்கெட் எடுக்கும் சந்தேகக்காரர்கள்!

இரவு ஒன்பது மணி. பிரிட்டனில் ஏதோ ஓர் ஊர். கைவிடப்பட்ட சிறைச்சாலை, பழைய கோட்டை, மூடிக்கிடக்கும் மருத்துவமனை... இப்படி ஒரு கட்டடத்தின் வாசலில் இருபது முப்பது பேர் கூடுகிறார்கள். கையில் டார்ச், தோளில் கனத்த ஸ்வெட்டர், பையில் ஃப்ளாஸ்க் நிறைய டீ. எல்லோரும் முன்கூட்டியே பணம் கட்டி டிக்கெட் எடுத்தவர்கள். எதற்கு? விடிய விடியப் பேய் தேடுவதற்கு!

அங்கே இது வார இறுதிப் பொழுதுபோக்கு. பிறந்தநாள் கொண்டாட வந்த தோழிகள் இருப்பார்கள். பேய் உண்டு என்று சத்தியம் செய்பவர்கள் இருப்பார்கள். மூன்றாவதாக ஒரு ரகமும் உண்டு. பேய் இருப்பதாக அவர்கள் நம்புவதில்லை. அதற்காக, ‘இல்லவே இல்லை’ என்று முடிவுகட்டிவிட்டும் வருவதில்லை. ‘போய்ப் பார்ப்போமே’ என்று வருகிறவர்கள். கூட்டத்திலேயே கஷ்டமான வேலை இவர்களுக்குத்தான்.

விளம்பரம் கொடுத்து ஆள் பிடித்தவர்

பேய்களை முறையாக ஆராய வேண்டும் என்ற ஆசை பிரிட்டனுக்குப் புதிதல்ல. லண்டனில் ‘கோஸ்ட் கிளப்’ 1862-ல் தொடங்கப்பட்டது. 1882-ல் அறிஞர்கள் சேர்ந்து, இதுபோன்ற அனுபவங்களை ஆராயவே ஒரு சங்கம் அமைத்தார்கள்.

இன்றைய பேய் வேட்டைக்கு முன்னோடி என்று ஹாரி பிரைஸைச் சொல்லலாம். எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் போர்லி கிராமத்தில், பாதிரியார்கள் குடியிருந்த பழைய வீடு ஒன்றை 1937-ல் ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்தார். ‘தி டைம்ஸ்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, இரவில் காவலிருந்து கவனிக்க ஆட்களைச் சேர்த்தார். என்னென்ன பார்க்க வேண்டும், எப்படிக் குறித்துவைக்க வேண்டும் என்று கையேடும் கொடுத்தார். ‘இங்கிலாந்திலேயே அதிகமாகப் பேய் நடமாடும் வீடு’ என்று அந்த வீடு பெயர்பெற்றது. 1939-ல் அது தீப்பிடித்து எரிந்தது. பிரைஸ் இறந்த பிறகு, 1956-ல் வெளிவந்த ஆய்வறிக்கை அவருடைய ஆதாரங்களையே கடுமையாகக் கேள்வி கேட்டது.

2002-ல் ‘மோஸ்ட் ஹான்டட்’ டிவி நிகழ்ச்சி வந்ததும் இந்த ஆர்வம் வீட்டுக்கு வீடு பரவியது. அது ஆராய்ச்சி அல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான் என்று பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு 2005-ல் சொன்னது.

‘பீப்’ என்றால் பேயா?

வேட்டை தொடங்கியதும் விளக்குகளை அணைப்பார்கள். சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து ஒவ்வோர் அறையிலும் உட்கார வேண்டும். ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று இருட்டைப் பார்த்துக் கேட்பார்கள். காந்தப்புலத்தை அளக்கும் சின்ன மீட்டர் திடீரென்று மின்னும். கூட்டம் மூச்சைப் பிடிக்கும்.

சந்தேகக்காரர் மட்டும் சுவரைப் பார்ப்பார். உள்ளே மின்கம்பி ஓடுகிறதா? யாருடைய பாக்கெட்டிலாவது செல்போன் இருக்கிறதா? இரண்டுமே அந்த மீட்டரை மின்ன வைக்கும். போட்டோவில் மிதக்கும் வெள்ளை உருண்டைகளும் அப்படித்தான். லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் தூசியில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் அப்படி விழும். பழைய கட்டடத்தில் தூசிக்கா பஞ்சம்?

அடுத்தது, மேஜை மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். எல்லோரும் ஆளுக்கொரு விரலை வைக்க, அது நகரத் தொடங்கும். ‘நான் தள்ளவில்லை’ என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1853-ல், ஆவிகள் மேஜையைச் சுழற்றுவதாக லண்டனே பேசிக்கொண்டிருந்தபோது, விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இதைச் சோதித்தார். கைக்கும் மேஜைக்கும் நடுவே, எது முதலில் நகர்கிறது என்று காட்டும் ஓர் அமைப்பை வைத்தார். கைதான் முதலில் நகர்ந்தது, அதுவும் அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாமல்! கை நகர்வதைக் காட்டும் முள்ளை அவர்கள் கண்ணெதிரே வைத்ததும் மேஜை சுழல்வது நின்றுபோனது.

பழமொழி சொல்வது பாதிதான்

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஆனால், அரளாத ஆளுக்கும் சில சமயம் உருவம் தெரிகிறதே?

விக் டேண்டி என்ற பிரிட்டிஷ் இன்ஜினீயர் ஒருநாள் இரவு ஆய்வுக்கூடத்தில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு சில்லிட்டது. கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் காணோம். மறுநாள், பழுதுபார்க்கக் கொண்டுவந்திருந்த தன் வாள்பயிற்சிக் கத்தியை இடுக்கியில் மாட்டினார். அது தானாக அதிரத் தொடங்கியது. அவர் ஓடவில்லை. காரணத்தைத் தேடினார். புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன், காதுக்குக் கேட்காத அளவு தாழ்ந்த, விநாடிக்குச் சுமார் 19 அதிர்வுகள் கொண்ட ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஒலிதான் உருவத்தையும் காட்டியிருக்கும் என்று 1998-ல் கட்டுரை எழுதினார்.

சந்தேகக்காரர்களுக்கு இந்தக் கதை சர்க்கரைப் பொங்கல். ஆனால் இதையும் சோதித்தார்கள். லண்டன் ஆய்வாளர்கள் ஓர் அறையைக் கட்டி, கேளா ஒலியையும் காந்தப்புலத்தையும் மாற்றி மாற்றிச் செலுத்தி, 79 பேரை உள்ளே அனுப்பினார்கள். பலருக்கு விசித்திர அனுபவங்கள் வந்தன. ஆனால் ஒலி இருந்ததா, இல்லையா என்பதோடு அவற்றுக்குத் தொடர்பு தெரியவில்லை. 2009-ல் வெளியான இந்த முடிவு ஒரு பாடம்: பேயைச் சந்தேகிக்கிறவர், பேய்க்குச் சொல்லப்படும் விஞ்ஞான விளக்கத்தையும் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

எடின்பரோவின் சவுத் பிரிட்ஜ் பாலத்துக்கு அடியில் 18-ம் நூற்றாண்டு நிலவறைகள் உள்ளன. உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் அங்கே இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியே உட்கார வைத்தார்கள். ‘பேய் அறை’ என்று பெயரெடுத்த அறைகளில்தான் அதிக அனுபவங்கள் பதிவாயின. அந்தப் பெயரை முன்பே அறிந்திருந்தார்களா என்பது முடிவை மாற்றவில்லை! அறையின் அளவு, வெளிச்சம் போன்றவற்றோடுதான் பொருத்தம் தெரிந்தது. ஆக, அந்த அறைகளில் மனிதர்களுக்கு ஏதோ தோன்றுகிறது என்பது உண்மை. அது இறந்தவர்தானா என்பது வேறு கேள்வி.

சிரித்துவிட்டுப் போனால்...

அமெரிக்காவில் ஒரு குடும்பம் பழைய வீட்டுக்குக் குடிபோனது. காலடிச் சத்தம், தலைவலி, இரவில் உருவங்கள். செடிகள்கூட வாடின. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் அடுப்பு பழுதாகி, விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு வீடெங்கும் கசிந்திருந்தது. 1921-ல் இது கண் மருத்துவ இதழில் பதிவானது. ‘எல்லாம் பிரமை’ என்று சிரித்திருந்தாலும், ‘பேய்தான்’ என்று பூஜை போட்டிருந்தாலும் ஆபத்து ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பேய் வேட்டைக்கு வருபவர்களில், சமீபத்தில் அப்பாவையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்களும் இருக்கலாம். டம்ளர் நகர்ந்து ஒரு பெயரின் முதல் எழுத்தைத் தொடும்போது அவர்கள் கண் கலங்கும். அங்கே ‘ஃபாரடே என்ன சொன்னார் தெரியுமா?’ என்று ஆரம்பிப்பது அறிவல்ல. கேட்டால் மட்டும், தனியாக, மென்மையாகச் சொல்ல வேண்டும். அதேசமயம், அந்தக் கண்ணீரை வைத்துப் பணம் பண்ண யாராவது முயன்றால் வாய் மூடியிருக்கவும் கூடாது. ‘இது பொழுதுபோக்குக்கு மட்டுமே’ என்று பல நிறுவனங்கள் டிக்கெட் விதிகளிலேயே எழுதிவிடுகின்றன. நள்ளிரவில் அந்த வரி யாருக்கு ஞாபகம் இருக்கும்?

போகிறவர்களுக்கு...

* கட்டடத்தின் கதையை முன்கூட்டியே படிக்காதீர்கள். எதிர்பார்ப்பே பாதி பேய்.
* பார்த்ததை, கேட்டதை அடுத்தவரிடம் பேசுவதற்கு முன் எழுதிவையுங்கள். பேசினால் பத்துப் பேரின் அனுபவமும் ஒன்றாகிவிடும்.
* செல்போனை முழுவதும் அணைத்துவிடுங்கள்.
* சத்தம் கேட்டால் முதலில் குழாய், ஜன்னல், மரத்தளம், எலி.
* விளக்கம் கிடைக்காவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே குறியுங்கள். தெரியாததற்கெல்லாம் பேய் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

அதிகாலை மூன்று மணிக்குக் கதவு திறக்கும்போது பேயைப் பார்த்தவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் இருட்டில் தன் மனசு எப்படியெல்லாம் வேலை செய்கிறது என்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கொடுத்த காசுக்கு அது நஷ்டமில்லை!