பில் அடிக்கும் பிரிண்டர்: அன்றும் இன்றும்

2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தபிறகு, வாலாஜாபாத் சாலையில் லாரிகள் பெருகிவிட்டன. சரக்கு ஏறிவிட்டாலும் பில் கைக்கு வராமல் வண்டி கேட்டைத் தாண்டாது.

ஐபிஎம் 1988-ல் கொண்டுவந்த ஏஎஸ்/400 இருந்த கம்பெனிகளில் அந்த பில்லை அடித்தது டாட் மேட்ரிக்ஸ். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தொடர்தாள், நடுவில் கார்பன். சிஸ்டத்தின் வழக்கமான அளவு பக்கத்துக்கு 66 வரி, வரிக்கு 132 எழுத்து. அங்குலத்துக்கு 10 எழுத்து என்றால் அகலம் 13.2 அங்குலம். கையில் இருப்பதோ 10 அங்குலத் தாள். அதற்காகப் புரோகிராமில் யாரும் கைவைக்க மாட்டார்கள். ஓவிஆர்பிஆர்டிஎஃப் என்ற கட்டளையில் எழுத்தை 16.7 என்று நெருக்கினால் 132 எழுத்தும் எட்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். தாள் ஆறு அங்குல உயரம் என்றால் பக்கத்துக்கு 36 வரி. அப்போது பக்கம் முடியும் வரியையும் 60-லிருந்து கீழே இறக்க வேண்டும். மறந்தால் சிஸ்டம் ஏற்காது.

எல்லாரையும் சுற்றவிட்டது வேறொன்று. கட்டளையை ஒரு சின்னப் புரோகிராமில் எழுதி வைப்பார்கள். அது முடிந்ததும் மாற்றமும் அதோடு போய்விடும். அடுத்த பில் பழைய அளவிலேயே வந்து நிற்கும். ஆபரேட்டர் பிரிண்டரைத்தான் திட்டுவார், பாவம்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. சரக்கு பில்லுக்கு மூன்று பிரதி என்ற விதி அதிலும் உண்டு: வாங்குபவர், டிரான்ஸ்போர்ட்டர், விற்பவர். 2023 ஆகஸ்டிலிருந்து ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். பில்லில் க்யூஆர் கோடு இருக்க வேண்டும். ஊசி குத்தி அடிக்கும் பிரிண்டருக்கு அது சரிப்படாது. லேசர் வந்தது, பிடிஎஃப் வந்தது.

தாள் அளவை வெளியிலிருந்து மாற்றும் பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது அது பிரிண்ட் பெட்டியில் ‘ஃபிட் டு பேஜ்’ என்ற ஒரு டிக். யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று தெரியாது. க்யூஆர் கோடும் சுருங்கி வரும், ஸ்கேனர் முழிக்கும். பழைய முறையே மேல் என்பேன். அதில் மாற்றம் ஒரு வரியாக எழுத்தில் இருந்தது, தேடிப் பிடிக்கலாம்.

இன்று ஐபிஎம் ஐ என்ற பெயரில் ஓடும் அந்த சிஸ்டத்திலும் அதே கட்டளைதான். உங்கள் ஆபீஸில் அது இருந்தால், மாதக் கடைசி பில்லை ஓட்டுமுன் டிஎஸ்பிஓவிஆர் என்ற கட்டளையை அடித்து, எந்த மாற்றம் நடப்பில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.