வண்டியில் போகும் தண்ணிக்கு எந்தப் பாத்திரம்?



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம்ம கண்ணமங்கலம் பக்கத்துக் குழுக்களில் பாதிப் பேர் வண்டியில்தான் இருப்போம். படவேடு ரேணுகாம்பாள் கோயில், மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். பிள்ளைகளுக்கு லீவு விட்டால் அமிர்தி, ஜமுனாமரத்தூர், பீமன் அருவி. புளிசோறு கட்டுவதில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணி? கிளம்புகிற அவசரத்தில் கைக்கு எது கிடைக்குதோ அதில் பிடித்து ஏற்றிவிடுகிறோம்.

எங்கள் குழுவும் அப்படித்தான் இருந்தது. ஒரு தடவை வேன் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நாங்கள் ஒன்றும் அலட்சியமாக இல்லை. முதல் நாள் ராத்திரியே தண்ணியைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அகல வாய் பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி மூடி எடுத்துப் போனோம். வழியில் தாகம் எடுத்தவர் எல்லாம் மூடியைத் திறந்து டம்ளரை விட்டு மொண்டு குடித்தோம். பிள்ளைகள் கையோடு விட்டுக் கலக்கின. குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையோடு ஒருவர் மொண்டார். யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் 6 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தைக்கு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. இரண்டு சகோதரிகளுக்கு மூன்று நாள் கூலி போச்சு. அந்த மாத உள்கடன் தவணையும் நின்றது. "கொதிக்க வைத்த தண்ணிதானே குடித்தோம்?" என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டோம். அவர் திருப்பிக் கேட்டார்: "கொதிக்க வச்சீங்க, சரி. எதுல மொண்டீங்க? எத்தனை கை உள்ளே போச்சு?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. தண்ணி சுத்தமா என்று பார்க்கிறோம். அது இருக்கும் பாத்திரத்தில் கை நுழையுமா என்று பார்ப்பதில்லை.

முதலில் வாயைப் பாருங்கள்

பாத்திரம் வாங்கப் போனால் நாம் முதலில் விலையைக் கேட்போம், அப்புறம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்போம். இனிமேல் முதலில் வாயைப் பாருங்கள். திறப்பின் அகலம் 6 முதல் 9 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது குடிநீர்ப் பாதுகாப்பில் உலகம் முழுக்கச் சொல்லப்படும் அளவு. ஊற்றவும் கழுவவும் அது போதும். கையை விட்டு மொள்ளத் தோன்றாது. திருகு மூடி இருக்க வேண்டும். கீழே ஒரு குழாய் இருந்தால் இன்னும் நல்லது.

இது வெறும் பேச்சு இல்லை. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் அகதிகள் முகாம் ஒன்றில் கிணற்றுத் தண்ணி நன்றாகவே இருந்தும் காலரா வந்துகொண்டே இருந்தது. பார்த்தால், பிடித்துப் போகும் பாத்திரத்தில் கை பட்டுத்தான் தண்ணி கெட்டது. சில வீடுகளுக்கு மட்டும் மூடியும் ஊற்று மூக்கும் வைத்த வாளி கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளின் தண்ணியில் மலக் கிருமிகள் 69 சதவீதம் குறைந்தன. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைந்தது. 2001-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வெளியானது. தண்ணி அதேதான். வாளிதான் மாறியது.

நம் நாட்டிலும் கல்கத்தா குடிசைப் பகுதிகளில் காலரா வந்த குடும்பங்களுக்கு, குறுகிய கழுத்துள்ள மண் பாத்திரத்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் மற்றவர்களுக்குத் தொற்றுவது நன்றாகவே குறைந்தது. 1986-ல் அந்த ஆய்வு வெளியானது.

நம் பாட்டிமார்கள் ரயிலில் போகும்போது எதில் தண்ணி எடுத்துப் போனார்கள்? கூஜாவில். குறுகிய கழுத்து, திருகு மூடி, மேலே கைப்பிடி. சாய்த்து ஊற்றத்தான் முடியும், மொள்ள முடியாது. அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

அடுத்தது எடை

1 லிட்டர் தண்ணி 1 கிலோ. 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோவுக்கு மேல். அதை வேனில் ஏற்றி இறக்குவது யார்? நாம்தான். அதில் இடுப்பு பிடித்துக்கொண்டு வாரம் முழுக்கப் படுத்தவர்கள் உண்டு. அதனால் ஒரு பெண் தனியாகத் தூக்கக்கூடிய 10 லிட்டர் கேனே பயணத்துக்குச் சரி.

கணக்கு இப்படிப் போடுங்கள். வெயில் நாளில் ஒருவர் குடிக்க 3 லிட்டர். 20 பேர் ஒரு நாள் போய் வந்தால் 60 லிட்டர். அதாவது வேனில் கூட ஓர் ஆள் ஏறிய பாரம். 20 லிட்டர் கேன் மூன்றுக்குப் பதில் 10 லிட்டர் கேன் ஆறு வாங்கினால் மூன்று லாபம்: தூக்குவது சுலபம், ஒன்று உடைந்தாலோ கெட்டாலோ மற்றது மிஞ்சும், காலியானதை வழியில் நல்ல குழாயில் பிடித்துக்கொள்ளலாம்.

ஆறுக்கும் குழாய் வேண்டாம். ஆட்டத்தில் இடிபட்டு முதலில் உடைவதும் ஒழுகுவதும் குழாய்தான். குழாய் வைத்தது ஒன்று. அதில்தான் எல்லோரும் பிடித்துக் குடிக்க வேண்டும். மற்ற ஐந்தும் மூடி போட்ட கேன். முதல் கேன் காலியானால் அதில் ஊற்றி நிரப்புங்கள். குழாயின் ரப்பர் வாஷர் ஒன்று பையில் இருக்கட்டும். தண்ணி சரியாக வராவிட்டால் குழாயைத் திருகிச் சண்டை போடாதீர்கள். மேல் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் காற்று உள்ளே போய்த் தண்ணி வரும்.

கை கால் கழுவ, பாத்திரம் அலம்ப எடுத்துப் போகும் தண்ணி தனி. அதற்கு நம் குடமே போதும்.

பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா, செம்பா?

பிளாஸ்டிக் கேனைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 2 அல்லது 5 என்றால் தண்ணிக்கு நல்லது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதோடு உணவுக்கு உகந்தது என்ற குறியும் இருக்கிறதா பாருங்கள். 1 என்பது கடையில் விற்கும் மெல்லிய தண்ணி பாட்டில்; அவசரத்துக்குச் சரி, வெந்நீர் ஊற்றக் கூடாது. 3, 6 வேண்டாம். 7 என்றால் 'மற்றவை' என்று அர்த்தம். கெட்டியான 20 லிட்டர் கேன்களில் பல அந்த வகை. கீறல் விழுந்து மங்கிப்போன கேனைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள், மாற்றிக் கேளுங்கள். விலைக்கு வாங்கும் தண்ணி என்றால் மூடி சீல் உடையாமல் இருக்கிறதா, தேதியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எவர்சில்வர் விலை கூட, எடையும் கூட. ஆனால் பல வருஷம் உழைக்கும், வாடை வராது, கழுவுவது சுலபம். குழுவாகச் சேர்ந்து வாங்க ஏற்றது குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்.

செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணியில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்ததைப் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் வெளியிட்டார்கள். ஆனால் காலையில் ஊற்றி மத்தியானம் குடித்தால் அந்தப் பலன் கிடைக்காது. ஈயம் பூசாத செம்பு, பித்தளையில் மோர், எலுமிச்சைச் சாறு ஊற்றவே கூடாது. உலோகம் கரைந்து குமட்டும்.

தண்ணி பாக்கெட்டை நம்பிக் கிளம்ப வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. மலையில் போடும் பிளாஸ்டிக் மாட்டு வயிற்றுக்குத்தான் போகிறது. ஆளுக்கு ஒரு டம்ளர் பையில் இருக்கட்டும்.

இது மட்டும் கூடவே கூடாது

பூச்சிமருந்து, பெயிண்ட், ஆசிட், பினாயில், டீசல், என்ஜின் ஆயில் இருந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் குடிதண்ணிக்கு எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாடை போய்விட்டது என்பதால் விஷம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

இன்னொன்று. வேன்களில் ரேடியேட்டருக்கு ஊற்ற டிரைவர் ஒரு கேன் வைத்திருப்பார். அதில் கூலன்ட் கலந்திருக்கலாம். அது குடிக்க இனிப்பாக இருக்கும்; சிறுநீரகத்தைக் கெடுக்கும்; உயிருக்கே ஆபத்து. குழந்தைக்குத் தெரியுமா? வண்டி ஏறியதும் "அண்ணே, உங்க கேன் எது?" என்று கேட்டு அதில் சிவப்புத் துணி கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.

ஏற்றும் விதம்

கேனை வண்டிக் கூரை மேல் கட்டாதீர்கள். மேலே பாரம் ஏறினால் மலை வளைவில் வண்டி சாயும். தரையில், சீட்டுக்குக் கீழே, ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்துக் கயிறு கட்டுங்கள். முக்கால் கேன் தண்ணி தளும்பி உருளும். கழுத்து வரை நிரப்பினால் அசையாது. குழாய் உள்பக்கம் திரும்பி இருக்கட்டும். வண்டியை வெயிலில் நிறுத்தினால் கேன் மேல் ஈரச் சாக்கு போடுங்கள். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் பாசி பிடிக்கும்.

கழுவும் விதம்

"வாய் சின்னதா இருந்தா எப்படிக் கழுவறது?" என்று கேட்பீர்கள். ஒரு கைப்பிடி கல் உப்பு அல்லது அரிசி, கொஞ்சம் சோப்புத் தண்ணி ஊற்றி, மூடிபோட்டு நன்றாகக் குலுக்குங்கள். மூலையெல்லாம் தேய்ந்துவிடும். மூன்று தடவை அலசிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். குழாயின் வாயைச் சின்ன பிரஷ்ஷால் தேய்க்க மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஈரத்தோடு மூடி வைத்தால் அடுத்த தடவை நாற்றம் அடிக்கும்.

தண்ணி கொதி வந்த பின் ஒரு நிமிஷம் தளதளவென்று கொதிக்கட்டும். ஆறிய பிறகே கேனில் ஊற்றுங்கள். வழியில் பிடிக்கும் தண்ணிக்குக் குளோரின் மாத்திரை எடுத்துப் போகலாம். எத்தனை லிட்டருக்கு எத்தனை என்று உறையில் பார்த்துப் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும்.

சரியாக 1 லிட்டர் பிடிக்கும் பாட்டில் ஒன்றும், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலும் கையில் இருக்கட்டும். யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் அளவு தவறாமல் கலக்கலாம். பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணியில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

குழுவில் பேசுங்கள்

இதை வீட்டுக்கு வீடு வாங்க வேண்டியதில்லை. எங்கள் குழுவில் தீர்மான நோட்டில் எழுதி, பொது நிதியில் குழாய் வைத்த டிரம் ஒன்றும் 10 லிட்டர் கேன் ஐந்தும் வாங்கினோம். கேன் ஒவ்வொன்றிலும் 'குடிதண்ணி மட்டும்' என்று பெயிண்டில் எழுதிவிட்டோம். ஊக்குநர் வீட்டில் இருக்கிறது. யார் எடுத்தார்கள், கழுவிக் கொடுத்தார்களா என்று நோட்டில் குறிக்கிறோம். வெளியாருக்குச் சீமந்தம், காதுகுத்து என்றால் சின்ன வாடகைக்குக் கொடுக்கிறோம். அந்தப் பணம் குழுக் கணக்கில் சேர்கிறது.

போன ஆடியிலும் அதே வேன், அதே கூட்டம், அதே கொதிக்க வைத்த தண்ணி. யார் கையும் உள்ளே போகவில்லை. மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போனோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: "நம்ம வீட்டுத் தண்ணிப் பாத்திரத்துல கை நுழையுமா?"