பின்விளக்கு எரிகிறதா? கடை வண்டியின் பல்பை நாமே மாற்றலாம்

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கடைக்கென்று ஒரு வண்டி வைத்திருக்கிறோம். ஆம்னி வேனோ, டாடா ஏஸோ, பின்சீட்டை மடக்கிப் போட்டுச் சரக்கு ஏற்றும் பழைய காரோ, ஏதோ ஒன்று. அது ஓடுவது பெரும்பாலும் ஊர் உறங்கும் நேரத்தில்தான். காய்கறி, பூ, வாழையிலை வியாபாரம் செய்பவர்களுக்கு விடிவதற்குள் கொள்முதல் முடிந்தாக வேண்டும்.

எங்கள் மேலூரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு நான்கு வழிச் சாலை. அந்த நேரத்தில் லாரிகள் வேகமாகப் போகும். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சென்ற ஆண்டு காய்கறி மூட்டைகளுடன் திரும்பி வரும்போது, ஊருக்குள் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்திருக்கிறார். பின்னால் வந்த லாரி கடைசி நொடியில் வலப்பக்கம் ஒடித்து, வேனின் கண்ணாடியை மட்டும் உடைத்துக்கொண்டு போய் நின்றது. லாரி டிரைவர் இறங்கி வந்து, ‘அண்ணே, முன்னாடி வண்டி இருக்கறதே தெரியலண்ணே’ என்று நடுங்கியபடி சொன்னாராம். பார்த்தால் இரண்டு பின்விளக்கும் எரியவில்லை. எத்தனை நாளாக என்பது வண்டிக்காரருக்கே தெரியாது. எப்படித் தெரியும்? ஹெட்லைட் போனால் பாதை இருட்டாகிவிடும். பின்விளக்கு போனால் ஓட்டுகிறவருக்கு ஒரு குறையும் இல்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி பின்விளக்கின் சிவப்பு ஒளி 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டின் மேல் வெள்ளை ஒளி விழுந்து 15 மீட்டரில் படிக்கும்படி இருக்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அந்த 155 மீட்டரைக் கடக்க ஏழு விநாடி ஆகும். லாரி டிரைவருக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த ஏழு விநாடிதான்.

நான் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். ஒரு டீ, வடைச் செலவில் வாங்கக்கூடிய பல்புக்காக ஒரு வாரம் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு விடாமல் தள்ளிப்போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ‘எலக்ட்ரீஷியன் வரட்டும்’ என்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் இது பத்து நிமிட வேலை. கையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும்.

முதலில் எரிகிறதா என்று பார்க்க ஆள் தேவையில்லை. இரவில் கடையைச் சாத்தியதும் வண்டியின் பின்பக்கத்தை ஷட்டருக்கோ சுவருக்கோ எதிரே நிறுத்தி விளக்கைப் போடுங்கள். பிரேக்கை மிதியுங்கள். சுவரில் சிவப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழுகிறதா, மிதிக்கும்போது கூடுகிறதா என்று கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். இண்டிகேட்டருக்கு அதுவும் வேண்டாம். ஒரு பக்கத்தில் மட்டும் ‘டிக் டிக்’ சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டால் அந்தப் பக்கத்துப் பல்பு ஒன்று போய்விட்டது என்றே பெரும்பாலும் அர்த்தம்.

மாற்றும் முன் விளக்குகளை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். சில வண்டிகளில் பின்விளக்கின் சிவப்பு மூடியையே வெளியிலிருந்து ஸ்க்ரூ கழற்றி எடுக்கலாம். சிலவற்றில் பின்கதவைத் திறந்து, உள்பக்கமாக ஹோல்டரைத் திருகி எடுக்க வேண்டும். பல்பை லேசாக உள்ளே அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் வெளியே வரும். அதை அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். வண்டியின் பெயரைச் சொல்லிப் பல்பு கேட்பதைவிடப் பழைய பல்பைக் காட்டிக் கேட்பதே மேல். அதன் பித்தளை அடிப்பகுதியில் வோல்ட்டும் வாட்டும் அச்சிட்டிருக்கும். கார், வேனுக்கு 12 வோல்ட். பெரிய லாரிகளுக்கு 24 வோல்ட். இரண்டும் வைத்திருப்பவர்கள் மாற்றிப் போட்டுவிட்டு, ‘புதுப் பல்பு மங்கலாக எரிகிறது’ என்று சண்டைக்கு வருவதும் உண்டு.

இன்னொரு குழப்பம் இதைவிட ஆபத்தானது. இண்டிகேட்டருக்குப் போடுவது சிங்கிள் காண்டாக்ட் பல்பு. 21 வாட், ஒரே இழை. பின்விளக்கும் பிரேக்கும் சேர்ந்து எரியும் இடத்தில் பல வண்டிகளில் இருப்பது டபுள் காண்டாக்ட் பல்பு. அதில் பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட் என்று இரண்டு இழைகள். இதன் பக்கவாட்டுக் குமிழ்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமாக இருப்பது, தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். உள்ளே போகவில்லை என்றால் பாதி வட்டம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பலவந்தம் செய்யக் கூடாது.

நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், டபுள் காண்டாக்ட் கையிருப்பு இல்லாத ஒரு நாள், என் வேனிலேயே சிங்கிள் காண்டாக்ட் பல்பை அழுத்தித் திருகி மாட்டிவிட்டேன். விளக்கு எரிந்தது, நானும் திருப்தியாக இருந்தேன். இரவில் விளக்கைப் போட்டால் அந்தப் பக்கம் எப்போதும் பிரேக் பிடித்தது போலவே எரிந்தது. பகலில் பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு விளக்குகள் எரிந்தன. ஒரே காண்டாக்ட், ஹோல்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டதுதான் காரணம். பின்னால் வருகிறவனுக்கு நான் நிற்கிறேனா போகிறேனா என்றே தெரியாமல் நான்கு நாள் ஓட்டியிருக்கிறேன்.

திரும்ப மாட்டும்போது மூடியின் ரப்பர் வாசர் சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழைக்கே உள்ளே தண்ணீர் நிற்கும். ஸ்க்ரூவை முழுப் பலத்தோடு முறுக்கினால் மூடி விரிசல் விடும்.

ஹெட்லைட்டில் கவனம் கொஞ்சம் கூடுதலாகத் தேவை. பல வண்டிகளில் இருப்பது எச்-4 என்னும் ஹாலோஜன் பல்பு. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். அணைத்த உடனே தொட்டால் கை பொத்துப்போகும், ஆற விடுங்கள். பானட்டைத் திறந்து, பின்னால் உள்ள மூன்று முனை பிளக்கை நேராக இழுத்து, ரப்பர் உறையைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை விலக்கினால் பல்பு வந்துவிடும். புதிய பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். மளிகைக் கடைக்காரர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்! தவறிப் பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தால் போதும்.

‘வெளிச்சம் பத்தல, 100/90 குடுங்க’ என்று கேட்டு வருபவர்கள் உண்டு. நான் கொடுப்பதில்லை. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். அந்த வயரும் ஹோல்டரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உருகிப்போன ஹோல்டரோடு திரும்பி வருவார்கள். ஹாலோஜனுக்கான டூமில் எல்இடி பல்பை மாட்டுவதும் பெரும்பாலும் எதிரே வருகிறவன் கண்ணைக் கூசவைக்கத்தான் உதவும்.

புதுப் பல்பு போட்டும் எரியவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். பத்து ஆம்பியர் இருந்த இடத்தில் பத்துதான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி மாட்டினால் ஃபியூஸுக்குப் பதில் வயரே எரியும். உள்ளே சரக்கும் இருக்கிறது. ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஹோல்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது என்றால் எர்த் சரியில்லை. அதையும் தாண்டினால் எலக்ட்ரீஷியன் வேலைதான். புதிய கார்களில் எல்இடி விளக்குகள் முழு யூனிட்டாகவே வருகின்றன. அவற்றில் மாற்றுவதற்குப் பல்பே இருக்காது. செனான் ஹெட்லைட்டில் பல ஆயிரம் வோல்ட் பாய்வதால் அதன் பக்கம் கையே வைக்க வேண்டாம்.

பல்பு நன்றாக எரிந்தும் பயனில்லாமல் செய்வது நம் சரக்குதான். வெளியே தொங்கும் வாழையிலைக் கட்டு, தார்ப்பாயின் நுனி, கயிற்றில் செருகிய காலிச் சாக்கு, இவை பின்விளக்கை மறைப்பதை அதிகாலையில் எத்தனை வண்டிகளில் பார்க்கிறோம்! பின்பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டு ஹெட்லைட் எதிரே வருகிறவன் முகத்தில் அடிக்கும். சில வண்டிகளில் டாஷ்போர்டில் இதற்கென்று 0, 1, 2, 3 என்று எண் போட்ட திருகு இருக்கும். லோடு ஏறியதும் அதைத் திருப்பி ஒளியைக் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

பக்கத்துக் கடைக்காரர் இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் டபுள் காண்டாக்ட் ஒன்று, சிங்கிள் காண்டாக்ட் ஒன்று, ஹெட்லைட் பல்பு ஒன்று, இரண்டு ஃபியூஸ், ஒரு ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் போட்டு, பல்புகள் உரசி உடையாமல் பழைய துணி சுற்றி, டிரைவர் சீட்டுக்கடியில் வைத்திருக்கிறார். பல்புகளை என் கடையில்தான் வாங்கினார். டப்பா அவர் கடையிலேயே இருந்தது.